பதினாறு டேக்

இல்லைங்க, தண்ணீர் வேண்டாம். நீங்கள் குடியுங்கள். வெளியில் யாரிடமும் அவ்வளவு சீக்கிரம் வாங்கிக் குடிப்பதில்லை, பழக்கம் அப்படி. தப்பாக நினைக்காதீர்கள். ஈரோட்டில்தானே ஏறினீர்கள்? சொந்த ஊரே ஈரோடா? சரி. பேர் என்ன சொன்னீர்கள்? நல்ல பேர். இந்தக் காலத்தில் பேரை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

நான் திருப்பூரில் ஏறினேன். தாராபுரத்துக்குக் கிழக்கே நமக்குத் தோட்டம். என் பேர் நாச்சிமுத்து. சென்னையில் ஒரு சினிமாக் கம்பெனிக்குப் போகிறேன். சட்டைப் பையை நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள், இல்லையா? உள்ளே ஒரு காகிதம் இருக்கிறது. ரங்கி கையெழுத்துப் போட்டது. இதைக் கொடுத்தால் ஒரு படத்திலிருந்து நாலு நிமிஷத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் ஆவணியில் என் மகன் கல்யாணம் நடக்கும். வெட்டாவிட்டால் நடக்காது.

முழுசாகக் கேட்டால் உங்களுக்குக் குமட்டும். எனக்கு ஆறு மாசமாகக் குமட்டுகிறது.

தை மாசம் பூபதி என்று ஒருவன் வந்தான். படம் எடுக்க வீடு, காடு பார்த்துக் கொடுக்கிற மேனேஜர். எங்கள் வீடு பழைய தொட்டிக்கட்டு வீடு, வாசலைப் பார்த்ததும் மயங்கிவிட்டான். என்ன படம் என்றேன். ஜாதியைப் பற்றி என்றான். "அந்த வம்பே வேண்டாமப்பா, போய்ட்டு வா" என்றேன்.

"அண்ணா, நம்ம ஊரை மட்டும் சொல்ற படம் இல்லீங்ணா. ஜப்பான் வருது, ஆப்பிரிக்கா வருது, கடைசியிலதான் நாம. எல்லா ஊர்லயும் மேல கீழ இருக்குதுன்னு காட்டற படம். உலகம் பூராப் பாக்கும்."

எனக்கு ஒரு நிம்மதி. எல்லா ஊரிலும் இருக்கிறதென்றால் நம்மை மட்டும் எதற்குக் குறை சொல்ல வேண்டும்? சரி என்றேன். அவன் போகவில்லை.

"உங்களுக்கு ஒரு வேஷமும் உண்டுங்ணா. பண்ணை வீட்டு வாசல்ல நடக்கற சீன். இப்பச் செல்லுல அனுப்புன போட்டோவைப் பார்த்ததுமே டைரக்டரம்மா இவருதான்னுட்டாங்க."

பண்ணை வீட்டு வாசல். என் போட்டோ. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதையேதான் நினைத்தேன். காகிதத்தை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. தாராபுரம் போய் மீசைக்கு மை அடித்துக்கொண்டு, மல்லு வேட்டிக்குக் கஞ்சி போடக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டைரக்டர் ஒரு பொம்பளை. வதனா என்று பேர். சிலோன்காரி, நார்வேயில் இருக்கிறாளாம். சிலோனில் உங்கள் சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார், எந்தக் கோயிலுக்குக் கும்பிடப் போவீர்கள் என்று நானும் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தேன். பிடி கொடுக்கவே இல்லை. ஒரு வாரம் நம் வீட்டில் புழங்கிய ஆள், என்ன ஆள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அதுவே ஒரு அருவருப்பு.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள் எங்களை எல்லாம் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார வைத்து, அதுவரைக்கும் எடுத்திருந்த இரண்டு பாகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். முதல் பாகம் ஜப்பான். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைத்து விசாரிக்கிறார்கள். எதை? அந்தப் பெண்ணின் தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று. அந்தத் தெருக்காரர்கள் எந்தக் காலத்திலோ மாட்டுத் தோல் உரித்தவர்களாம். அவ்வளவுதான், கல்யாணம் நின்றுபோகிறது. அவனும் மஞ்சள், இவனும் மஞ்சள். அவனுக்கும் அதே மூக்கு, இவனுக்கும் அதே மூக்கு. தெருப் பேரைக் கேட்டா ஒரு மனுஷனை எடை போடுவது? த்தூ என்றேன். வாய்விட்டே சொன்னேன். வதனா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது ஆப்பிரிக்கா. அங்கே பாட்டுப் பாடிப் பிழைக்கிற ஒரு கூட்டம். அவர்களில் ஒருவன் செத்தால் ஊர்ப் பொது இடுகாட்டில் புதைக்க விடமாட்டார்களாம். பொணத்தைத் தூக்கிக்கொண்டு மகன் ஊர் ஊராக அலைகிறான். பொணத்துக்கு என்னங்க ஜாதி? எங்கள் ஊரில் அந்த மாதிரிக் கேவலமெல்லாம் கிடையாது. காலனிக்காரர்களுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக, நல்ல மேடாகப் பார்த்து விட்டிருக்கிறோம்.

மறுநாள் காலையில் வேட்டி கட்டி, திருநீறு பூசி, வாசலில் போய் நின்றேன். துணிக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மீசை மையைக் கழுவச் சொன்னான். முழங்காலுக்கு மேலே நிற்கிற ஒரு அழுக்கு வேட்டியையும் கிழிந்த துண்டையும் கையில் கொடுத்தான். "தம்பி, ஆள் மாத்திக் குடுக்கறயா?" என்றேன். "நாச்சிமுத்து, மூணாவது பாகம், வேலையாள்" என்று நோட்டைப் பார்த்துப் படித்தான்.

அப்போது என் வீட்டுக்கு உள்ளிருந்து ரங்கி வருகிறாள்.

ரங்கி யாரென்று சொல்லவில்லையே. காலனிக்காரி. அவள் புருஷன் பொன்னான் எங்கள் தோட்டத்தில் நாற்பது வருஷம் இருந்தவன். நல்ல வேலைக்காரன், ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டான். அவன் செத்தபோது மாலை கொடுத்தனுப்பினேன். நேரில் போகவில்லை, அந்தப் பக்கம் போய்ப் பழக்கமில்லை. ரங்கி என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். நான் அரைக்கால் டவுசர் போட்ட நாளிலிருந்தே அவளை ரங்கி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு உரிமைதான். அவளுக்கு ரங்கம்மாள் என்று முழுசாக ஒரு பேர் இருப்பதே இந்தச் சினிமாக்காரர்கள் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

அந்த ரங்கி, அரக்குக் கலர் பட்டுச் சேலை, கழுத்தில் காசுமாலை, கையில் பித்தளைச் சொம்பு. என் அம்மா நிற்கிற இடத்தில், நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏம்மா, தலைகீழா இருக்குதே" என்றேன் வதனாவிடம்.

"ஓம் ஐயா, அதுதானே படம். மூண்டு இடத்திலயும் அப்பிடித்தான் எடுக்கிறம். மேல இருந்த ஆக்கள் கீழ, கீழ இருந்த ஆக்கள் மேல. நேற்றுப் பாத்த ஜப்பான் மாப்பிள்ளை வீட்டுக்காரர் எல்லாம் அந்தத் தெரு ஆக்கள்தான். ஒப்பந்தத்தில எழுதியிருக்கு. நீங்கள் வாசிக்கேல்லையோ?"

போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். வாசல் முழுக்க ஊர் நிற்கிறது. போனால் நடிக்கத் தெரியாமல் ஓடிவிட்டான் என்பார்கள். பூபதி காதில் வந்து, "அவார்டு வாங்கற வேஷங்ணா, விட்டுறாதீங்க" என்றான். நடிப்புத்தானே என்று நின்றேன்.

சீன் ஒன்றும் பெரிதில்லை. வேலையாள் வாசலுக்கு வெளியே வந்து தண்ணீர் கேட்கிறான். வீட்டுக்காரி படிமேல் நின்றபடி சொம்பைச் சாய்க்கிறாள். அவன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

எட்டு டேக் போயிற்று. வதனா தலையைத் தலையை ஆட்டினாள். "ஐயாவுக்கு நிக்கத் தெரியேல்ல. பொலிஸ்காரர் விசாரணைக்கு வந்து நிக்கிற மாதிரி நிக்கிறார்." கூட்டத்தில் எவனோ சிரித்தான். எவன் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு அவள் ரங்கியிடம், "அம்மா, நீங்கள் ஒருக்காக் காட்டிக்குடுங்கோவன்" என்றாள்.

ரங்கி படி இறங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், அதையும் சொல்ல வேண்டும்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. துண்டு தோள்ல இருக்கக்கூடாதுங்க, எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கோங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்கோணும். அவிய மொகத்தைப் பாக்காதீங்க, சொம்பைப் பாருங்க. மொகத்தைப் பார்த்தாத் தண்ணி உழுகாதுங்க."

"இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்றாள் வதனா.

"எங்க ஊட்டுக்காரரு இந்த வாசல்லதாங்க நின்னாரு, நாப்பது வருசம்."

லைட் பிடித்திருந்தவன்கூட என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? பொன்னானைக் கட்டிவைத்தா தண்ணீர் ஊற்றினோம்?

அடுத்த டேக்கில் ரங்கி திடீரென்று வாய் திறந்தாள். "டேய், கோலத்தை மிதிக்காத. தள்ளி நில்றா." அச்சு அசல் என் அம்மா குரல். அதே இழுப்பு, அதே முகத் திருப்பல். அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "இந்த வசனம் எழுதேல்லையே" என்றாள் வதனா. "பெரியாத்தா சொல்றதுங்க" என்றாள் ரங்கி. பாருங்கள், எங்கள் சோற்றைத் தின்றுகொண்டே என் அம்மாவை இத்தனை வருஷம் கவனித்துக் கவனித்து மனசுக்குள் வைத்திருக்கிறாள். அதுதான் அவர்கள் புத்தி.

மத்தியானச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஜாதி இல்லை என்று படம் எடுக்கிறார்கள் அல்லவா? அவர்கள் பந்தியைப் பாருங்கள். நடிக்கிறவர்களுக்கு மேஜை, நாற்காலி, மீன் வறுவல். கேமராக்காரர்களுக்கு நாற்காலி உண்டு, மீன் கிடையாது. லைட் தூக்குகிறவர்கள் வேப்ப மரத்தடியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குழம்பும் சோறும் தின்றார்கள். ஒருவனும் மாறி உட்காரவில்லை, ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. த்தூ. இவர்கள் நமக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். ரங்கிக்கு நடிகர் மேஜையில் நாற்காலி, அதற்குப் பக்கத்தில் எனக்கு. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வரைக்கும் பதினாறு டேக். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. சீன் சரியாக வந்துவிட்டால் டைரக்டர் "டேக் ஓகே" என்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள். மற்ற சீனுக்கெல்லாம் வதனா அதைச் சொன்னாள். எனக்குச் சொல்லவே இல்லை. பொழுது இறங்கியதும், "சரி, வெளிச்சம் போயிட்டுது. இருக்கிறதை வைச்சுச் சமாளிப்பம்" என்று எழுந்துவிட்டாள். பதினாறு தடவை ரங்கி கையால் தண்ணீர் வாங்கியும் எனக்குக் கை தட்ட ஆளில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வைகாசியில் டிரெய்லர் விட்டார்கள். எல்லார் செல்லிலும் நான். கையேந்திக்கொண்டு. காங்கயத்தில் மகனுக்குப் பெண் பார்த்து உறுதி பண்ணியிருந்தோம். பெண்ணின் தாய்மாமன் போன் பண்ணினான். "மாமா, படத்துல குமிஞ்சு நின்னு தண்ணி வாங்கறது நீங்களா, உங்களாட்ட வேற யாராச்சுங்களா?" நடிப்பு, மாப்பிள்ளை, சும்மா நடிப்பு என்றேன். "நடிப்புத்தான். யாரு கையில வாங்கறீங்கன்னு ஊரெல்லாம் கேக்குது. படம் முழுசா வாறதுக்குள்ள அதை எடுத்துப் போடுங்க. இல்லாட்டி நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த ஆத்திரத்தில் ரங்கியை நான் ஒன்றும் செய்யவில்லை. வேறு ஆளாக இருந்தால் என்னென்னவோ செய்திருப்பான். எங்கள் தோட்டத்து வரப்போடு காலனிக்கு ஒரு தடம் போகும். அதில் நாலு சுமை வேலமுள் வெட்டிப் போட்டேன், அவ்வளவுதான். ரோட்டைச் சுற்றிப் போகட்டும், மூன்று கிலோமீட்டர். நடந்தால் செத்தா போவார்கள்?

வதனாவைப் போனில் பிடித்துச் சீனை வெட்டச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "உங்கட குடும்பத்துக்கு இப்பிடி வருமெண்டு நினைக்கேல்ல, ஐயா. ஆனால் அந்தச் சீனில ரெண்டு பேர் இருக்கினம். உங்கட சொல்லில மட்டும் வெட்டினா, அது பழைய கதைதானே? ரங்கம்மாவும் எழுதித் தந்தா வெட்டுறன்" என்றாள்.

என் மகன் கல்யாணம் ரங்கியின் கையெழுத்தில் நிற்கிறது. கேட்டீர்களா இந்தக் கூத்தை?

ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை. முழங்கால் வலியாம், சுற்றி நடக்க முடியாதாம். கடைசியில் நானே போனேன். ஆனி கடைசி. வண்டியில் போனால் காலனி வாசலில் வண்டி நிற்பதை நாலு பேர் பார்ப்பார்கள் என்று, வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பதினோரு மணிக்குத் தடத்தோடு நடந்தேன். பாதித் தூரம் போனதும் முள். என் முள்தான். ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. திரும்பி வந்து ரோட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். உச்சி வெயில். போய்ச் சேர்ந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து அவர்களுக்கு நூறு நாள் ஏரி வேலை இல்லையாம். தெரு முழுக்க ஜனம்.

ரங்கியின் வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த சின்ன வீடு. வாசலில் இரண்டு படி. "வாங்க சாமி" என்று எழுந்தாள். அவள் மருமகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "இருக்கட்டும், நின்னுக்கறேன்" என்றேன்.

"சுத்தியா வந்தீங்க? தடத்துல யாரோ முள்ளு வெட்டிப் போட்டுட்டாங்கங்க சாமி. எவனுக்குப் பொழப்பில்லையோ."

யாரோவாம். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பின்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் காகிதத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கல்யாணத்தையும் சொன்னேன். ரங்கி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எம் பேரன் பேத்தியெல்லாம் அந்தப் படத்துக்குத்தானுங்க காத்திருக்குது. அப்பத்தா பட்டுக் கட்டீட்டு வருதுன்னு" என்றாள். மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள். "போட்டுத் தர்றனுங்க. எங்க ஊட்டு வாசலுக்கு மொதமொதல்ல வந்திருக்கீங்க. வெய்யில்ல நடந்து வேற வந்திருக்கீங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டுக் கேளுங்க. உடனே போட்டுத் தர்றேன்."

மருமகள் ஒரு சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து ரங்கி கையில் கொடுத்தாள். துலக்கிப் பளபளவென்று இருந்தது. இருந்தால் என்ன? அது அந்த வீட்டு டம்ளர்.

தெருவே என்னைப் பார்க்கிறது. குடிக்கவில்லை என்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்றால் கல்யாணம் இல்லை. அவள் போட்ட கண்ணியைப் பாருங்கள். ஆனால் நான் யார்? ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். தண்ணீருக்குத் தீட்டுக் கிடையாது. அது பஞ்சாயத்து டேங்க் தண்ணீர், எங்கள் குழாயில் வருவதும் அதேதான். பாத்திரம்தானே அவளுடையது? தண்ணீர் குடிக்கச் சொன்னாளே தவிர, டம்ளரில் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லவில்லையே!

"டம்ளர் வேண்டாம். கையில ஊத்து" என்றேன்.

"என்னங்க சாமி?"

"கையில ஊத்துன்னேன்."

ரங்கி டம்ளரோடு படிமேல் ஏறினாள். குனிந்தால் துண்டு தோளிலிருந்து மண்ணில் விழும் என்று எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சட்டை நனையக் கூடாதே என்று முட்டியை மடக்கினேன். இரண்டு கையையும் சேர்த்தேன். கண்ணை டம்ளர் மேலேயே வைத்திருந்தேன், ஒரு சொட்டு வெளியில் சிந்தினாலும் அவள் கணக்குச் சொல்வாள். ஊற்றினாள். கொஞ்சம் உயரத்திலிருந்து, சீராக, என் கை மேல் டம்ளர் படாமல். நான் ஒரே மூச்சில் குடித்தேன். நல்ல தாகம்.

நிமிர்ந்தேன். ஜெயித்துவிட்டேன். அந்த வீட்டுப் பாத்திரத்தில் என் உதடு படவில்லை. என் அம்மா இருந்தால் மெச்சியிருப்பாள்.

சிரித்த பெண்கள்கூடச் சிரிக்கவில்லை. ரங்கி டம்ளரைக் கவிழ்த்து மீதிச் சொட்டை உதறினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து,

"டேக் ஓகேங்க சாமி" என்றாள்.

எவளோ ஒருத்தி கை தட்டினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் தட்டினார்கள்.

ரங்கி படியில் உட்கார்ந்து காகிதத்தைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, ரங்கம்மாள் பொன்னான் என்று. "வெட்டிப் போடச் சொல்லுங்க சாமி. எனக்கு இனி அந்தச் சீனு வேண்டாமுங்க" என்றாள். பேரன் பேத்தி காத்திருக்கிறது என்றாளே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. முள்ளை எடுக்கச் சொல்லிக் கேட்பாள் என்று நினைத்தேன், அதையும் கேட்கவில்லை. மூன்று கிலோமீட்டரும் யோசித்துக்கொண்டேதான் வந்தேன். இவ்வளவு லேசாகப் போட்டுக் கொடுக்கிறவள், பிறகு எதற்கு அவ்வளவு பிகு பண்ணினாள்? எதற்குக் கை தட்டினார்கள்? அந்த ஜனங்களின் மனசை நம்மால் கண்டுபிடிக்க முடியாதுங்க.

நீங்கள் ஏன் ஒன்றும் பேசாமல் வருகிறீர்கள்? தூக்கமா?

இந்தப் பெட்டியில் காற்றே இல்லை. பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. ஜோலார்பேட்டை இன்னும் வரக் காணோம். அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள்.

இல்லை, ஒரு நிமிஷம் இருங்கள். ஈரோடு என்றுதானே சொன்னீர்கள்?

ஈரோட்டில் எந்தத் தெரு?